ஒரு ராத்திரி தங்க "எக்ஸிட்ல இருந்து 2 மைல்"னு யார் போட்ட சட்டம்?

காட்டுவழி_கண்ணம்மா:
முதல் தடவை ஆர்வி (உள்ளயே படுத்து சமைச்சு தங்கற வீடு மாதிரி வண்டி) எடுத்துட்டு டெக்சாஸ்ல இருந்து கலிஃபோர்னியா போற ஒருத்தர், வழியில ராத்திரி எங்க தங்கறதுன்னு கேட்டிருந்தாரு. அதுக்கு எக்ஸிட்ராஜா சார் குடுத்த பதில் இது: "ஒரே ராத்திரின்னா ஹைவே எக்ஸிட்ல இருந்து 2 மைலுக்குள்ள இருக்கற கேம்ப்கிரவுண்ட் மட்டும் பாருங்க, அதுக்கு மேல உள்ள போறவன் டீசலையும் நேரத்தையும் வீணடிக்கறான்." அதுக்கு கீழ வரிசையா கைகூப்பி பொம்மை. படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல, அதான் தனி த்ரெட்.

சார், ஐ-40 இன்டர்ஸ்டேட் ஹைவேல கேலப், ஹோல்புரூக், வின்ஸ்லோ, கிங்மேன்னு எந்த ஊரை வேணா மேப்ல திறந்து பாருங்க. 1882லயே தண்டவாளம் அதே வழியில இருக்கற பிளாக்ஸ்டாஃப் வந்தாச்சு, 1926ல ரூட் 66ங்கற பழைய ஹைவே அதை ஒட்டியே வந்தது, அப்புறம் இன்டர்ஸ்டேட்டும் அதே தடத்துல தான். அதனால ஹைவேக்கு பக்கம்னா பெரும்பாலும் தண்டவாளத்துக்கும் பக்கம். லெவல் கிராஸிங் வர்றதுக்கு 15ல இருந்து 20 செகண்டுக்கு முன்னாடியே ஹார்ன் அடிக்கணும்னு ஃபெடரல் ரூல் இருக்கு, ரெண்டு நீளம் ஒரு குட்டை மறுபடி ஒரு நீளம், 96 டெசிபலுக்கு குறையக் கூடாது. நடுராத்திரின்னு விலக்கெல்லாம் கிடையாது. ஆர்வி சுவர் எவ்ளோ மெல்லிசுன்னு இங்க யாருக்கும் சொல்லத் தேவையில்ல. புதுசா ஓட்டற மனுஷன் ராத்திரி முழுக்க முழிச்சிருந்துட்டு மறுநாள் அந்த வண்டியை 300 மைல் ஓட்டணுமா? இதுக்கு பேர் அட்வைஸா?

எக்ஸிட்ராஜா:
வந்துட்டாங்க. மேடம், நீங்க டிரெய்லர், நான் 40 அடி டீசல் புஷர், அதாவது பின்பக்கம் இன்ஜின் வெச்ச பஸ் சைஸ் ஆர்வி, அதுக்கு பின்னாடி கட்டி இழுக்கற ஜீப். நாலு சக்கரமும் தரையில உருள இழுத்துட்டு வர்ற வண்டியை வெச்சுக்கிட்டு ரிவர்ஸ் எடுக்கவே முடியாதுன்னு தெரியுமா உங்களுக்கு? கிராமத்து ரோட்டுல ஒரு திருப்பம் தப்பினா, இருட்டுல இறங்கி ஜீப்பை கழட்டி, பஸ்ஸை திருப்பி, மறுபடி மாட்டணும். என் வண்டி உயரம் 12 அடிக்கு மேல, உள்ளூர் ரோட்டுல எந்த பாலம் எவ்ளோ உயரம்னு உங்க மேப் சொல்லுமா? எக்ஸிட் பக்கத்துல இருந்தா லாரி போற ரோடு, அகலமா இருக்கும், உள்ள போனா ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வெளிய போற புல் த்ரூ சைட், காலைல நேரா கிளம்பலாம். 2 மைல். மறுபடி சொல்றேன், 2 மைல்.

1962ல மான்டானாவுல பில்லிங்ஸ்ல கேஓஏங்கற கேம்ப்கிரவுண்ட் கம்பெனி ஆரம்பிச்சதே சியாட்டில் உலகக் கண்காட்சிக்கு போற வண்டிங்க வழியில நிக்கறதுக்கு தான். இன்னைக்கும் ஜர்னி, ஹாலிடே, ரிசார்ட்னு மூணு வகை வெச்சிருக்காங்க, ஜர்னின்னா வழியில ஒரு ராத்திரி தங்கறவங்களுக்குன்னே. ஹைவே பக்கத்துல தான் போடறாங்க, அவங்களுக்கு தெரியாதது உங்களுக்கு தெரிஞ்சிருச்சா?

சின்னவண்டி:
ஒரு சந்தேகம், 2 மைல்னா ரோடு வழியாவா இல்ல நேர்கோட்டுலயா? எக்ஸிட் ராம்ப்ல இருந்தா, இல்ல ஹைவேல இருந்தா?

காட்டுவழி_கண்ணம்மா:
ராஜா சார், ஜீப் கதையை அந்த புது ஆளுக்கா சொல்றீங்க? அவர் வெச்சிருக்கறது 24 அடி கிளாஸ் சி, வேன் சேஸிஸ் மேல கட்டின சின்ன ஆர்வி, பின்னாடி எதுவும் இழுக்கல, கேள்வியிலேயே எழுதியிருக்காரு. படிச்சீங்களா? உங்க வண்டிக்கு தேவையானதை ஊருக்கெல்லாம் சட்டமா போடறீங்க. டீசல் வீண்னு வேற சொல்றீங்க. உங்க பஸ் கேலனுக்கு 8 மைல் குடுக்கும்னு வெச்சுக்குவோம், 5 மைல் உள்ள போய் 5 மைல் திரும்பி வந்தா ஒண்ணேகால் கேலன். அந்த ஒண்ணேகால் கேலனுக்காக ராத்திரி தூக்கத்தை விடச் சொல்றீங்க. இவ்ளோ பெரிய வண்டி வாங்கினவருக்கு ஒண்ணேகால் கேலன் கணக்கு.

எக்ஸிட்ராஜா:
பணம் இல்ல மேடம், நேரம். இருட்டறதுக்குள்ள நிறுத்தணும். 2 மைல்னா அஞ்சு நிமிஷம். உங்க 10 மைல் காட்டு ரோடு அரை மணி நேரம், சில எடத்துல மண் ரோடு வேற.

காட்டுவழி_கண்ணம்மா:
நான் எங்க 10 மைல்னு சொன்னேன்? 5னு எழுதினேன். அது எப்படி 10 ஆச்சு?

ரிட்டயர்டு_ரங்கன்:
ரெண்டு பேரும் சண்டை போடாதீங்கப்பா. ஆர்மி கோர் ஆஃப் எஞ்சினியர்ஸ் கேம்ப்கிரவுண்ட்னு ஒண்ணு இருக்கறது இங்க யாருக்குமே தெரியாதா? அவங்க அணை கட்டின ஏரிக்கரைல இருக்கற எடங்க. சைட் பெருசு, நிறைய எடத்துல கரண்ட் உண்டு, 62 வயசு தாண்டினவங்க 80 டாலருக்கு ஆயுசுக்கும் ஒரு சீனியர் பாஸ் வாங்கிட்டா சைட் கட்டணம் பாதி. நானும் என் மனைவியும் அதுல தான் தங்கறோம். இந்த 2 மைல் கணக்கு வெச்சிருந்தா அதுல முக்காவாசி எங்க கண்ணுலயே பட்டிருக்காது.

போல்ட்50:
எல்லாரும் மைல் மைல்னு பேசறீங்க, பெடஸ்டல்ல, அதான் சைட்ல கரண்ட் எடுக்கற கம்பத்துல, 50 ஆம்ப் இருக்கான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? 30 ஆம்ப்னா 3,600 வாட். 50 ஆம்ப்னா ரெண்டு லெக், அதாவது ரெண்டு தனித்தனி லைன், 12,000 வாட். ஜூலைல கலிஃபோர்னியா பாலைவனத்துல இருக்கற நீடில்ஸ்ல நிறுத்தி 30 ஆம்ப்ல அடாப்டர் மாட்டினா ஒரு ஏசி தான் ஓடும். பழைய பார்க்ல சாயங்காலம் எல்லாரும் ஏசி போட்டதும் வோல்டேஜ் கீழ இறங்கும், கம்ப்ரஸர் போயிடும். சர்ஜ் ப்ரொடக்டர் போதாது, லோ வோல்டேஜ்ல தானா கட் பண்ற ஈஎம்எஸ் வேணும். இது தான் முதல் கேள்வி, தூரம் இல்ல.

காட்டுவழி_கண்ணம்மா:
போல்ட் தம்பி, எந்த த்ரெட் வந்தாலும் இதே 50 ஆம்ப் தானா? பிளாக்ஸ்டாஃப் 7,000 அடி உயரத்துல இருக்கு, ஜூலைலயே ராத்திரி போர்வை வேணும், ஏசி எதுக்கு? நீடில்ஸ் வரைக்கும் இறங்காம அதுக்கு முன்னாடியே மேல இருக்கற ஊர்ல நிறுத்துங்கன்னு தான் சொல்றேன். உயரம் பார்த்து எடம் தேடினா கரண்ட் பிரச்சனையே பாதி போயிடும். அதையும் இந்த 2 மைல் சட்டம் பார்க்க விடாது.

சின்னவண்டி:
நான் வேன்ல போறேன், கேம்ப்கிரவுண்டே எதுக்கு? பிஎல்எம்ங்கற மத்திய அரசு அமைப்போட நிலம் பெரும்பாலும் 28 நாளைக்குள்ள 14 நாள் வரைக்கும் இலவசம், கோகோநினோ மாதிரி நேஷனல் ஃபாரஸ்ட்லயும் தங்கலாம். டெக்சாஸ் ரெஸ்ட் ஏரியால 24 மணி நேரம், கலிஃபோர்னியால 8 மணி நேரம். ஃப்ளோரிடா கஞ்சம், 3 மணி நேரம். ஒரு ராத்திரிக்கு 60, 70 டாலர் குடுக்கறவங்களை பார்த்தா பாவமா இருக்கு.

எக்ஸிட்ராஜா:
பாவம் பார்க்க வேண்டாம் தம்பி. லாரிக்காரன் சட்டப்படி 11 மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாது, அவனுக்கு நிறுத்த எடமே கிடைக்கறதில்ல, நீங்க போய் அவன் எடத்துல படுத்துக்கங்க.

சின்னவண்டி:
நான் கார் பக்கம் நிறுத்தறேன் சார், 19 அடி வேன். லாரி எடத்துல 40 அடி பஸ்ஸை நிறுத்தறது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். என் கேள்விக்கு இன்னும் பதில் வரல, ரோடு வழியா 2 மைலா இல்ல நேர்கோடா?

காட்டுவழி_கண்ணம்மா:
ரெஸ்ட் ஏரியா வேண்டவே வேண்டாம், குளிர்சாதன லாரிங்க கம்ப்ரஸர் ராத்திரி பூரா ஓடிக்கிட்டே இருக்கும், ஹைவே பக்கத்துல தங்கறதோட உச்சகட்டம் அது. இலவசம்ங்கற ஒரே காரணத்துக்காக அதை புது ஆளுக்கு சொல்லாதீங்க. குழந்தைங்களோட போறாரு அவரு.

ஐ-80ல நெப்ராஸ்காவுல கிராண்ட் ஐலண்டுக்கு மேற்கே பெரும்பாலும் யூனியன் பசிபிக் ரயில்வேயோட மெயின் லைன் கூடவே வருது. ஐ-10ல டெமிங், லார்ட்ஸ்பர்க், அங்கயும் யூனியன் பசிபிக். இதெல்லாம் தற்செயலா நடந்தது இல்ல, ரயிலுக்கு ஏற்றம் ஆகாது, அதனால ஆத்துப் பள்ளத்தாக்கு, சமவெளின்னு பார்த்து போட்டான், அதே சமதளத்துல தான் பின்னாடி ரோடும் வந்தது. அதனால ஹைவேய ஒட்டி தேடுங்கன்னு சொல்றது தண்டவாளத்தை ஒட்டி தேடுங்கன்னு சொல்ற மாதிரி. பிளாக்ஸ்டாஃப் மாதிரி சில ஊர்ல க்வையட் ஸோன் வாங்கியிருக்காங்க, அங்க கிராஸிங்ல வழக்கமா ஹார்ன் இல்ல, ஆனா சக்கர சத்தம் இருக்கும்.

நான் பார்க்கற விதம் இது தான். சாட்டிலைட் மேப்ல கேம்ப்கிரவுண்டை பெருசாக்கி தண்டவாளம் எங்க இருக்குன்னு பார்ப்பேன், ரோடு அதை எந்த எடத்துல லெவல் கிராஸிங்கா கடக்குதுன்னு பார்ப்பேன், பாலம் வழியா கடந்தா பரவால்ல. ரிவ்யூல "டிரெயின்"னு தேடுவேன். அப்புறம் ஃபோன் போட்டு உள்பக்கமா இருக்கற சைட் குடுங்கன்னு கேப்பேன். எக்ஸிட்ல இருந்து எவ்ளோ தூரம்ங்கறது இதுக்கெல்லாம் அப்புறம் தான்.

எக்ஸிட்ராஜா:
ஒரு ராத்திரி தூங்கறதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி. லார்ட்ஸ்பர்க் பேரை சொன்னீங்களே, நான் அங்க தங்கியிருக்கேன், நல்லா தூங்கினேன். காதுல அடைப்பான் வெச்சா முடிஞ்சது. 2 மைல் நல்ல கணக்கு, பல வருஷமா ஓட்டறவன் சொல்றேன்.

காட்டுவழி_கண்ணம்மா:
காதுல அடைப்பான்! இப்ப தான் வெளிய வருது. "எக்ஸிட்ல இருந்து 2 மைல், கூடவே காதடைப்பான்"னு அந்த புது ஆளுக்கு முழுசா சொல்லியிருக்கலாமே? அதை மட்டும் ஏன் விட்டீங்க? யூட்டால ஐ-70ல கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவுல 100 மைலுக்கு மேல பெட்ரோல் பங்கு கூட கிடையாது, அங்க உங்க 2 மைலுக்குள்ள எதை தேடுவாரு?

பல வருஷமா ஓட்டறேன்னு சொல்றது டயர் த்ரெட்லயும் கேட்டாச்சு. டயரோட ட்ரெட், அதாவது மேல இருக்கற வரிப்பள்ளம், நல்லா இருக்கு மாத்தத் தேவையில்லன்னு அடிச்சு சொன்னீங்க. டயர் பக்கவாட்டுல இருக்கற டாட் கோட்ல கடைசி 4 எண் தயாரிச்ச வாரமும் வருஷமும், ஆர்வி டயர் தேயறதுக்கு முன்னாடியே வயசாகி வெடிக்கும்னு நான் எழுதினதுக்கு இன்னி வரைக்கும் உங்க கிட்ட இருந்து பதில் இல்ல.

எக்ஸிட்ராஜா:
டயரை ஏன் இங்க இழுக்கறீங்க? அந்த த்ரெட்ல நான் சொன்னது வேற, நீங்க பாதியை வெட்டி ஒட்டினீங்க.

ரிட்டயர்டு_ரங்கன்:
ஏரிக்கரையை யாருமே கண்டுக்கல. ரெக்ரியேஷன் டாட் கவ்ல நிறைய எடம் 6 மாசம் முன்னாடியே புக் பண்ணலாம், வார நாள்ல கடைசி நேரத்துல கூட கிடைக்கும்.

சின்னவண்டி:
ரங்கன் சார், அந்த சீனியர் பாஸ், எங்க அப்பா 66, மே மாசம் விசிட்டர் விசால வர்றாரு, அவர் பேர்ல எடுத்துட்டா எனக்கும் பாதி விலை தானே?

ரிட்டயர்டு_ரங்கன்:
கிடையாது தம்பி. சிட்டிசனா இருக்கணும் இல்ல கிரீன் கார்டு வேணும். அது மட்டும் இல்ல, பாஸ் வெச்சிருக்கறவர் அந்த சைட்ல கூட தங்கணும்.

சின்னவண்டி:
என் ஃப்ரெண்டு அவங்க அம்மா பாஸ்ல தான் போறான், யாரும் கேக்கறதே இல்ல.

ரிட்டயர்டு_ரங்கன்:
யாரும் கேக்கலன்னா சரியாயிடுமா? இந்த மாதிரி ஆளுங்களால தான் எங்களை மாதிரி நேர்மையா வாங்கினவங்க கிட்டயும் ஒவ்வொரு தடவையும் அடையாள அட்டை கேக்கறாங்க. அந்த ஃப்ரெண்டு கிட்ட சொல்லுங்க, 80 டாலர்ல வருஷ பாஸ் இங்க குடியிருக்கறவங்களுக்கு எந்த வயசா இருந்தாலும் உண்டு.

போல்ட்50:
வருஷ பாஸ் நுழைவு கட்டணத்துக்கு மட்டும், கேம்ப்பிங் தள்ளுபடி அதுல கிடையாது, குழப்பாதீங்க சார்.

ரிட்டயர்டு_ரங்கன்:
நான் தள்ளுபடி உண்டுன்னு எங்கப்பா சொன்னேன்?

காட்டுவழி_கண்ணம்மா:
பாஸ் சண்டையை தனியா வெச்சுக்கங்க. ராஜா சார், நான் கேட்டது அப்படியே இருக்கு. கிளாஸ் சி, 24 அடி, ரெண்டு குழந்தைங்க, எதுவும் இழுக்கல. அவருக்கு எதுக்கு 2 மைல்? ஜீப் இல்லாம, பாலம் இல்லாம, காதடைப்பான் இல்லாம ஒரு காரணம் சொல்லுங்க.

எக்ஸிட்ராஜா:
குழந்தைங்க இருக்கறதே காரணம் தான். பசி, டாய்லெட், ஃபார்மஸி, எல்லாம் எக்ஸிட் பக்கத்துல. உங்க காட்டுக்குள்ள ராத்திரி ஒரு மணிக்கு குழந்தைக்கு காய்ச்சல் வந்தா ஃபோன் சிக்னல் கூட இருக்காது.

காட்டுவழி_கண்ணம்மா:
5 மைல் தள்ளி இருந்தா சிக்னல் போயிடுமா? ஃபார்மஸி ராத்திரி ஒரு மணிக்கு திறந்திருக்குமா? டாய்லெட் வண்டிக்குள்ளயே இருக்கு சார், அதுக்கு பேர் தான் ஆர்வி. நல்லா தூங்கினேன்னு சொன்னீங்களே அந்த லார்ட்ஸ்பர்க், தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் தங்கினீங்க, அதையாவது சொல்லுங்க.

எக்ஸிட்ராஜா:
எந்தப் பக்கமா இருந்தா என்ன, எக்ஸிட்ல இருந்து 2 மைலுக்குள்ள தான் இருந்தது.

சின்னவண்டி:
ரோடு வழியாவா?