கோத்தகிரியில் 12 சென்ட், பழைய ஓட்டு வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்கணும்? (மன்றத்தில் ஒரு கேள்வி, உறுப்பினர்களின் பதில்கள்)

சமவெளிக்காரன்

கோத்தகிரி டவுனிலிருந்து 4 கிலோமீட்டர். தேயிலைச் சரிவில் 12 சென்ட், 1,100 சதுர அடி ஓட்டு வீடு, விலை 62 லட்சம். வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டி எழுப்பிய 9 அடி கருங்கல் தடுப்புச் சுவர் இருக்கு. தண்ணீர் மேலே இருக்கும் ஊற்றிலிருந்து குழாயில் வருது. கார் வாசல் வரை வராது, தோட்டப் பாதையில் 80 அடி நடக்கணும். பக்கத்தில் படுகர் ஹட்டி (படுகர் மக்களின் ஊர்).

காட்டிய பேப்பர்: 1998 கிரையப் பத்திரம், பட்டா, 13 வருட இசி (வில்லங்கச் சான்று). இந்த மாதமே 5 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். ரிடையர்மென்ட்டுக்கு அப்புறம் நானும் மனைவியும் நிரந்தரமாகத் தங்கத்தான் வாங்குறோம். பின்னாளில் ஒரு மாடி எடுக்கும் எண்ணமும் உண்டு. எதை முதலில் பார்க்கணும்?

மூலப்பத்திரம்

13 வருட இசியை ஓரமாக வையுங்கள். பதிவுத்துறை தளத்தில் 1975 முதல் வில்லங்கம் பார்க்கலாம். அதற்கு முந்தையதை சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். 1998 பத்திரத்தை எழுதிக் கொடுத்தவருக்கு அந்த இடம் எப்படி வந்தது என்பதுதான் இங்கே கேள்வி. மலைக் கிராமங்களில் தாத்தா பெயரில் இருந்த நிலத்தை அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் அனுபவிப்பது சகஜம். பட்டா மட்டும் கூட்டுப் பட்டாவாகவே நிற்கும். அதில் ஒருவர் மட்டும் 12 சென்ட்டுக்கு நான்கெல்லை சொல்லி எழுதிக் கொடுத்தால், மற்ற பங்காளிகள் பிறகு பாகப்பிரிவினை வழக்குப் போட வழி இருக்கிறது. உங்கள் பெயருக்குத் தனிப் பட்டா வர உட்பிரிவு ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் விற்பவர் செலவில் அதை முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

பட்டாவோடு அ-பதிவேடும் (கிராமத்தின் நிலக் கணக்கு) புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எடுங்கள். அ-பதிவேட்டில் வகைப்பாடு ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), புறம்போக்கா, நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த நிலமா என்று தெரிந்துவிடும். நிபந்தனை ஒப்படை நிலத்தைக் கைமாற்றியிருந்தால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சர்வே எண் 1949 தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இருந்தால், முன் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது.

இடம் இருக்கும் பகுதியை மட்டும் வைத்துப் பார்த்தால் பெரிய பயம் இல்லை. விலை மலிவு என்று இதை விட்டுவிட்டு கூடலூர், பந்தலூர் பக்கம் ஜென்ம நிலத்தில் (பழைய ஜென்மிகளின் நிலம்) உரிமை தீராமல் கிடக்கும் பிரிவு 17 இடத்தையோ, மசினகுடி பக்கம் யானை வழித்தட எல்லைக்குள் ஒரு வீட்டையோ பார்க்கப் போய்விடாதீர்கள். அங்கே மலிவுக்குக் காரணம் இருக்கிறது. யானை வழித்தட அறிவிப்பு 2010-இல் வந்தது, உச்ச நீதிமன்றம் 2020-இல் அதை உறுதி செய்தது.

அந்த 80 அடிப் பாதைக்கு வருவோம். பாதை யார் சர்வே எண்ணில் ஓடுகிறது? பத்திரத்தின் சொத்து விவரத்தில் "ஆள், வண்டி, குழாய் சென்று வரும் மாமூல் பாத்தியம்" என்ற வழி உரிமை அகலத்தோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். இன்றைய தோட்ட முதலாளி நல்லவர் என்பது ஆவணம் ஆகாது.

செலவு: முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 62 லட்சத்துக்கு 5.58 லட்சம். விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1% டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) நீங்கள்தான் பிடித்துக் கட்ட வேண்டும், இங்கே அது 62,000 ரூபாய்.

செங்குத்துச்சரிவு

பேப்பரை அண்ணன் சொல்லிட்டார். நான் மண்ணைச் சொல்றேன்.

கோத்தகிரிக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவத்துல. 2009 நவம்பர்ல குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரிஞ்சு உயிர்ச் சேதம் ஆனதும் அந்த மழைதான். அதனால வீட்டை ஏப்ரல் வெயில்ல பார்த்து மயங்காதீங்க. நவம்பர்ல, ரெண்டு நாள் விடாம பெஞ்ச மறுநாள் போய், நேரா அந்தத் தடுப்புச் சுவர் முன்னாடி நில்லுங்க. சுவர்ல 3 அல்லது 4 அங்குலக் குழாய்கள் ஏறக்குறைய 5 அடிக்கு ஒண்ணா வச்சிருக்கணும். அதுல தெளிஞ்ச தண்ணி சொட்டினா நல்லது. மழையிலயும் எல்லாக் குழாயும் காய்ஞ்சு கிடந்தா அடைச்சிருக்குன்னு அர்த்தம், அத்தனை தண்ணியும் சுவருக்குப் பின்னாடி நின்னு தள்ளுது. கலங்கல் தண்ணி வந்தா இன்னும் மோசம், பின்னாடி மண்ணு அரிச்சுட்டுப் போகுது. தூக்குக்குண்டு விட்டுப் பாருங்க. நடுவுல தொந்தி தள்ளியிருந்தா அந்தச் சுவரைப் பிரிச்சுக் கட்டுற செலவை விலையில கழிங்க. 9 அடிக் கருங்கல் சுவருக்கு அடியில குறைஞ்சது நாலரை அடி அகலம் வேணும். மேல தெரியுற ஒன்றரை அடியை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, ஓரத்துல ஒரு குழி தோண்டிப் பார்க்கச் சொல்லுங்க.

சுவரை விட நான் பயப்படுறது வீட்டோட முன்பக்கத்துக்கு. சரிவுல வீடு கட்ட உள்பக்கம் வெட்டின மண்ணை வெளிப்பக்கம் கொட்டித்தான் தளம் நிரவுவாங்க. வீட்டோட பின்பாதி கெட்டி மண்ணுல, முன்பாதி கொட்டின மண்ணுல உட்காரும். முன்பாதி மெல்ல இறங்கும். முன் மூலையில, ஜன்னல் மேல் விளிம்புல இருந்து சாய்வா ஓடுற விரிசல் அதைக் காட்டிக் கொடுக்கும். புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா விரல் நகத்தால தடவிப் பாருங்க, பட்டி போட்டு அடைச்ச கோடு தட்டுப்படும். விரிசல்ல ஒரு ரூபாய்க் காசு நிக்கிற அளவு இருந்தா என்ஜினீயர் இல்லாம மேல பேசாதீங்க.

செப்டிக் டேங்க் கழிவு எங்க போகுதுன்னும் பாருங்க. உறிஞ்சு குழி சுவருக்கு மேல் பக்கம் இருந்தா வருஷம் பூரா சரிவுக்குத் தண்ணி ஊத்துற மாதிரி.

மாடி ஆசையை மறந்துடுங்க. பழைய ஓட்டு வீட்டுச் சுவர் பெரும்பாலும் மண் சாந்துல கட்டினது, அது மாடி தாங்காது. மலைப்பகுதியில உயரம் 7 மீட்டருக்குள்ள. பல கிராமங்கள்ல வனத்துறை, வேளாண் பொறியியல், புவியியல் சுரங்கத்துறைன்னு தடையின்மைச் சான்றுகள் வாங்கணும். ஜேசிபி இறக்கவும் தனி அனுமதி. சில்வர் ஓக் மரத்தைக் கூட அனுமதியில்லாம வெட்ட முடியாது, மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955 சட்டம் இருக்கு. கார் வராத வீட்டுக்கு மணல், சிமென்ட் எல்லாம் தலைச்சுமைதான், அந்தக் கூலியே எஸ்டிமேட்டைப் புரட்டிப் போடும்.

மேலூர்வாசி

தண்ணீருக்கு ஒரு எளிய சோதனை: மார்ச், ஏப்ரலில் போய் 15 லிட்டர் பக்கெட்டைக் குழாயடியில் வையுங்கள். 3 நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 5 லிட்டர், மணிக்கு 300. இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 270 லிட்டர் போதும், 2,000 லிட்டர் தொட்டி இருந்தால் வாரத்தை ஓட்டலாம். ஆனால் ஊற்று யார் நிலத்தில் இருக்கிறது, எத்தனை வீட்டுக்குப் பங்கு, முறை எப்படி என்று ஹட்டிப் பெரியவர்களிடமே கேளுங்கள். விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். போர் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட வேண்டாம், நீலகிரியில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு.

ஹட்டி மக்கள் நல்ல அண்டை வீட்டார். அவர்கள் ஒழுங்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். டிசம்பர், ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகை நாட்களில் கொத்தனார், பிளம்பர் யாரும் வரமாட்டார்கள். ஊரில் ஒரு சாவு என்றாலும் அப்படியே. போய் நின்றுவிட்டு வாருங்கள், அதை மறக்கமாட்டார்கள்.

கரடிக்கு எண்ணெய், வெல்ல வாசம் போதும், கதவை உடைக்கும். சமையலறைக் கதவு மரப்பலகையாக இருந்தால் மாற்றுங்கள், குப்பையை இரவில் வெளியே வைக்காதீர்கள். அந்த 80 அடிப் பாதையில் விளக்குப் போடுங்கள், இருட்டில் காட்டெருமை நிற்பது கண்ணுக்குத் தெரியாது.

வண்டியை டிஎன் 43 (நீலகிரி) பதிவுக்கு மாற்றிக்கொண்டால் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் தொல்லை இல்லை. பெரிய வைத்தியத்துக்கு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி, இல்லையேல் மேட்டுப்பாளையம் இறங்கி கோவை. 80 அடியில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்று வளைவுகளை அளந்து பாருங்கள்.

சமவெளிக்காரன்

மிக்க நன்றி. கேட்டுப் பார்த்தேன், பட்டா கூட்டுப் பட்டாதான். விற்பவரின் அண்ணன் மகன்கள் இருவர் வெளிநாட்டில் இருக்காங்களாம். "அவங்க கையெழுத்து பின்னாடி வாங்கித் தரேன், இப்ப அட்வான்ஸ் கொடுங்க" என்கிறார்.

மூலப்பத்திரம்

கொடுக்காதீர்கள். இருவரும் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பொது அதிகார ஆவணம் அனுப்பட்டும். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தபால் உறையைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், தேதிக்கு அதுதான் சாட்சி. அதன் பிறகு எல்லாப் பங்காளிகளும் சேர்ந்த கிரைய ஒப்பந்தம் போட்டு, அதைப் பதிவும் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தப் பதிவு கட்டாயம், முத்திரைத் தாளில் எழுதி நோட்டரி சீல் குத்தினால் போதாது. அட்வான்ஸை வங்கிக் காசோலையாக அந்த ஒப்பந்தத்தில் எண்ணோடு எழுதிக் கொடுங்கள். தனிப் பட்டா வந்த பிறகே மீதித் தொகை என்ற வரியும் அதில் இருக்கட்டும்.