பரங்கிமலையில் ஏழரை மைல் அளக்க 57 நாள் ஏன்?

கேள்வி (நிலவளவன்):
நாட்டை அளக்கும் பணியைத் தொடங்கிய ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே அடிக்கோட்டை (மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான நேர்கோட்டை) அளக்கத் தொடங்கினார் என்றும், ஏறத்தாழ ஏழரை மைலுக்கு 57 நாள்கள் பிடித்தன என்றும் படித்தேன். சங்கிலி போட்டு அளக்கும் வேலைக்கு இத்தனை நாள்கள் ஏன்? அந்த ஒரே கோட்டைக் கொண்டு நாட்டையே எப்படி அளந்தார்கள்?

மறுமொழி (பழைய சர்வேயர்):
தாமதத்திற்கு முதற்காரணம் வெயில், ஐயா. 100 அடி எஃகுச் சங்கிலி, 10 டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர் நீளும். அதையே 400 முறை போட்டால் பிழை 1.4 மீட்டராகிவிடும். ஆகவே சங்கிலியைத் தரையில் இழுக்காமல் மரப்பெட்டிகளில் மட்டமாகக் கிடத்தி, வெப்பமானியைப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொண்டே நகர்ந்தார்கள். இனி நாட்டை அளந்த முறை: இந்தக் கோடுதான் முதல் முக்கோணத்தின் ஒரு பக்கம். முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அவற்றுள் ஒன்றே அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடு. முதற்கோட்டில் நேரும் பிழை எல்லா முக்கோணங்களுக்கும் தொற்றும் என்பதால்தான் 1804இல் பெங்களூர் அருகே இன்னொரு கோட்டை அளந்து சரிபார்த்தார்கள்.

நிலவளவன்:
விளங்கியது, நன்றி. ஆனால் கோணம் பார்க்கக் குன்றுகள் வேண்டுமே? காவிரிச் சமவெளியில் என்ன செய்தார்கள்?

மறுமொழி (தஞ்சைக்காரன்):
எங்கள் ஊர்ப்பக்கம் வயலும் தென்னையும்தான். தோப்பைத் தாண்டிப் பார்வை போக வேண்டுமானால் கோயில்மேல் ஏறியாக வேண்டும். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு, கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள தியோடலைட்டை லாம்டனின் ஆட்கள் கயிறு கட்டி ஏற்றியபோது, சுவரில் படாமல் அதை விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்து, கருவி பெட்டியோடு சுவரில் மோதியது. கோணம் குறித்த பெரிய வட்டத் தகடு நெளிந்துவிட்டது. அதில் தலைமுடியளவு கோணல் இருந்தாலும் அளவெல்லாம் பொய்த்துவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. லாம்டன் ஏறத்தாழ ஆறு வாரம் கூடாரத்தை அடைத்துக்கொண்டு, ஆப்பும் திருகும் கொண்டு தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வட்டத்திற்கு இழுத்துக் கொண்டுவந்தார்.

பழைய சர்வேயர்:
அந்தக் கருவி இங்கு வந்த கதையும் சாதாரணமானதன்று. லண்டனிலிருந்து வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியில் இருப்பது அறிவியல் கருவி என்று கண்ட அத்தீவின் ஆளுநர், போர்க்காலம் என்றும் பாராமல் அதைச் சென்னைக்கே அனுப்பிவைத்தார். நெளிவெடுத்த பிறகும் அதே கருவியைக் கொண்டுதான் வேலை தொடர்ந்தது.