20 மாதக் குழந்தைக்குத் திரும்பத் திரும்ப விடியற்கால வாந்தி: யாரிடம் காட்டலாம்?

பெண் குழந்தை, 10 கிலோ, ஊர் திண்டுக்கல். ஒரு வயதுக்குப் பிறகு ஆரம்பித்தது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை விடியற்காலை எழுந்ததும் வாந்தி, கால் மணிக்கொரு தடவை, மதியம் வரை. காய்ச்சல், பேதி இல்லை. பச்சையாகவோ ரத்தமாகவோ வந்ததில்லை (பச்சையாக வந்தால் குடல் முறுக்காக இருக்கலாம், நேரே எமர்ஜென்சிதான், தெரியும்). மற்ற நாட்களில் நன்றாகச் சாப்பிடுகிறாள், எடையும் ஏறுகிறது. அதனாலேயே "பல் முளைக்குது", "ஏதோ ஒத்துக்கலை" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

பசும்பாலை நிறுத்திப் பார்த்தாயிற்று, மாற்றமில்லை. டாக்டர் எழுதிய வாந்தி மருந்து ஆண்டன்செட்ரான் 2 மி.கி. கொடுத்தால் இடைவெளி கூடுகிறது, நிற்பதில்லை. ஓஆர்எஸ் ஐந்து நிமிடத்துக்கு 5 மி.லி. என்று கொடுத்தால் தங்குகிறது; டம்ளரில் கொடுத்தால் அப்படியே வெளியே.

வயிற்று ஸ்கேன், யூரின் டெஸ்ட் நார்மல். ஆனால் எல்லாமே வாந்தி நின்ற பிறகு எடுத்தவை. சர்க்கரை, கீட்டோன், அமோனியா, லாக்டேட் (உடல் சத்தைச் சக்தியாக மாற்றுவதில் கோளாறு இருந்தால் காட்டும் டெஸ்டுகள்) நான்கையும் வாந்தியின்போதே, டிரிப்ஸ் ஏற்றும் முன் எடுத்தால்தான் பிரயோஜனம். விட்டு விட்டு வரும் சிறுநீரக அடைப்பும் அந்த நேர ஸ்கேனில்தான் பிடிபடும். எனக்கு மைக்ரேன் உண்டு, அதனால் சுழற்சி வாந்தியோ (மைக்ரேனோடு தொடர்புள்ள, விட்டு விட்டு வரும் வாந்தி நோய்) என்ற சந்தேகமும் இருக்கிறது.

மதுரை, திருச்சி பக்கம், வாந்தி நடக்கும் நேரத்திலேயே சேர்த்து இந்த டெஸ்டுகளை எடுக்கும் குழந்தைகள் குடல்நோய் நிபுணர் யாராவது இருக்கிறார்களா?