பக்கத்து செல் இழுக்குறது கேட்ஹெரினுக்கு எப்படி தெரியுது?

கேள்வி:
எபிதீலியல் செல்லுங்க (உறுப்புகளோட பரப்ப மூடியிருக்குற செல்கள்) ஈ-கேட்ஹெரின்ங்கிற புரோட்டீனால ஒட்டிக்கிட்டு இருக்குன்னு தெரியும். ஆனா அந்த ஒட்டுல விழுற இழுவிசை திசு வளர்ச்சியையே மாத்துதுன்னு படிச்சேன், வெறும் ஒட்டுற புரோட்டீனுக்கு விசை எப்படிங்க புரியும்?

பதில் 1:
கேட்ஹெரின் தனியா உணருறதில்லங்க. அதோட உள்பக்க வால்ல பீட்டா-கேட்டனின்ங்கிற புரோட்டீன், அதுல ஆல்ஃபா-கேட்டனின்ங்கிற இன்னொண்ணு, அது போய் செல்லோட சட்டகமான ஆக்டின் இழைய பிடிச்சிருக்கும். மயோசின்ங்கிற மோட்டார் புரோட்டீன் ஆக்டின இழுக்கும்போது சுமார் 5 பிக்கோநியூட்டன்ங்கிற ரொம்ப சின்ன விசையிலயே ஆல்ஃபா-கேட்டனினோட நடுப்பகுதி விரிஞ்சுடும், உள்ள மறைஞ்சிருந்த இடம் வெளிய தெரியும், வின்குலின்ங்கிற புரோட்டீன் வந்து அதுல ஒட்டிக்கும், அப்புறம் வின்குலினும் ஆக்டின பிடிச்சுக்கும். இழுக்க இழுக்க இறுகுற சுருக்கு முடிச்சு மாதிரி. என்ன ஒரு அழகான ஏற்பாடு பாருங்க!

பதில் 2:
வளர்ச்சி பக்கம் பழ ஈயோட இறக்கைத் திசுல நல்லா தெளிவா இருக்கு. இழுவிசை இருந்தா ஜூப்ங்கிற புரோட்டீன் ஆல்ஃபா-கேட்டனின்கிட்ட வந்து சேர்ந்து வார்ட்ஸ்ங்கிற கைனேஸ (யார்க்கிங்கிற புரோட்டீன அடக்கி வைக்கிற என்சைம்) அங்கயே பிடிச்சு வச்சுக்கும், வார்ட்ஸ் வேலை செய்யாது, அதனால யார்க்கி நியூக்ளியஸுக்குள்ள போய் வளர்ச்சி ஜீன்கள ஆன் பண்ணிடும். நம்ம உடம்புல யார்க்கிக்கு இணையானது யாப்.

கேள்வி கேட்டவர்:
அப்போ செல்லுங்க நெருக்கியடிச்சு இருந்தா?

பதில் 2:
பொதுவா யாப் நியூக்ளியஸ விட்டு வெளிய வந்துடும், செல் ரெண்டா பிரிஞ்சு பெருகுறதும் குறைஞ்சுடும். ஆனா எல்லாமே கேட்ஹெரின் வேலைனு எடுத்துக்காதீங்க, செல்லுக்கு அடியில இருக்குற மேட்ரிக்ஸ் (செல்லுக்கு வெளிய இருக்குற புரோட்டீன் வலை) எவ்வளவு விறைப்புனு, அத பிடிச்சிருக்குற இன்டெக்ரின்ங்கிற புரோட்டீன் வழியாவும் யாப்புக்கு சேதி போகும்.