பெரிய வீடு குழு: ஒரே கீபோர்டில் இரண்டு பேர்

வியாழன்

வித்யா: எல்லோருக்கும் ஒரு கேள்வி. அப்பாவுக்குக் கால் கட்டுப் பிரிக்க இன்னும் 5 வாரம் இருக்கிறது. அம்மா போனில் அழாத குறை. 5 நிமிடத்துக்கு ஒருமுறை மணி என்ன என்று கேட்கிறாராம். சுரேஷ் விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் கூடத்தில் சும்மாதான் கிடக்கிறது. அதில் இரண்டு பேரும் சேர்ந்து ஆடுகிற மாதிரி ஏதாவது கேம் சொல்லுங்கள். காசு கட்டக் கூடாது. சுலபமாக இருக்க வேண்டும்.

சுரேஷ்: செஸ்

சுரேஷ்: லிசெஸ் என்று ஒரு செஸ் தளம். இலவசம், விளம்பரமே கிடையாது

தீபிகா: பெரியப்பாவும் பெரியம்மாவும் கேம் ஆடப் போகிறார்களா 😍

மீனா அத்தை: கட்டு எந்தக் கால்? வலதா இடதா? நான் எல்லோரிடமும் இடது என்று சொல்லி வைத்திருக்கிறேன்

வித்யா: வலது அத்தை

மீனா அத்தை: எனக்கு மட்டும் யாரும் எதையும் சரியாகச் சொல்வதில்லை

கண்ணன் மாமா: (பலமுறை பகிரப்பட்டது) எச்சரிக்கை!! மத்திய அரசு எல்லா ஆன்லைன் கேமையும் தடை செய்துவிட்டது. வீட்டில் விளையாடினாலும் 3 வருடம் சிறை. உடனே எல்லோருக்கும் அனுப்பவும்.

வித்யா: மாமா???

பாலு சித்தப்பா: மாப்பிள்ளை, அதில் பாதிதான் உண்மை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் சட்டம் வந்தது வாஸ்தவம். ஆனால் அது தடுப்பது பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டத்தை. அந்த 3 வருடச் சிறையும் 1 கோடி வரை அபராதமும் அப்படி ஆட்டம் நடத்துகிறவருக்கு, ஆடுகிறவருக்கு இல்லை. அண்ணனும் அண்ணியும் கூடத்தில் உட்கார்ந்து காசில்லாமல் ஆடினால் எந்தச் சட்டமும் வராது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். எந்த கேமாக இருந்தாலும் பேங்க் விவரமோ ஆதாரோ கேட்டால் அந்த நிமிடமே மூடிவிட வேண்டும்.

கண்ணன் மாமா: சரி மச்சான். ரம்மி என்றாலே எனக்குப் பதறுகிறது. தம்பி விஷயம் உங்களுக்குத் தெரியாததா

மீனா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வித்யா: பரவாயில்லை மாமா, நல்லதுக்குத்தானே அனுப்பினீர்கள்

வித்யா: சுரேஷ், செஸ் வேண்டாம். அப்பா தோற்றால் என்ன ஆகும் என்று மறந்துவிட்டாயா

சுரேஷ்: வைகுண்ட ஏகாதசி

தீபிகா: என்ன கதை? எனக்குத் தெரியாதே

மீனா அத்தை: நீ அப்போது பிறக்கவே இல்லை. விடிய விடியப் பரமபதம் ஆடினோம். அண்ணி ஏணியாக ஏறிக்கொண்டே போனார்கள். அண்ணன் கடைசி வரிசைக்கு வந்த நேரம் பெரிய பாம்பு கடித்து அடியில் கொண்டுவந்து விட்டது. அட்டையைத் தட்டிவிட்டு எழுந்து போனவர் மறுநாள் மத்தியானம் வரை யாரோடும் பேசவில்லை

அம்மா: அந்தத் தாயக்கட்டையில் ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை

வித்யா: அம்மா, பார்த்துக்கொண்டா இருக்கிறாய்!

அம்மா: அவர் போனும் என்னிடம்தான் இருக்கிறது

அம்மா: எனக்கு எதற்கு இந்த வயதில் விளையாட்டு. அவருக்கு மட்டும் ஏதாவது போட்டுக் கொடுங்கள்

தீபிகா: ஃபயர்பாய் அண்ட் வாட்டர்கேர்ள்!!!

தீபிகா: அப்பா, நீங்கள் சொல்லுங்கள்

பாலு சித்தப்பா: தீபிகா சொன்னதுதான் சரி, வித்யா. போன தீபாவளிக்கு இவள் எனக்கும் உன் சித்திக்கும் சொல்லிக் கொடுத்தாள், அதனால் தெரிந்துதான் சொல்கிறேன். முதலில் ஒரு விஷயம். அண்ணனுக்கும் அண்ணிக்கும் எதிரெதிராக ஆடுகிற ஆட்டம் ஆகாது. செஸ், லூடோ, கார் பந்தயம் எதுவானாலும் ஒருவர் தோற்றுத்தான் ஆக வேண்டும். இரண்டு பேரும் ஒரே பக்கம் இருக்கிற ஆட்டமாகப் பார்க்க வேண்டும். இதில் நெருப்புப் பையன் ஒருவன், தண்ணீர்ப் பெண் ஒருத்தி. கோயில் மாதிரி ஓர் இடத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவன் தண்ணீரில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது, அவள் நெருப்பில் விழுந்தால் முடிந்தது. பச்சைச் சேறு இரண்டு பேருக்கும் ஆகாது. சிவப்புக் கல்லை அவன்தான் எடுக்க முடியும், நீலக் கல்லை அவள்தான். ஒருவர் பட்டன் மேல் போய் நின்றால்தான் மற்றவருக்குப் பலகை நகர்ந்து வழி கிடைக்கும். கடைசியில் இரண்டு பேரும் அவரவர் கதவின் முன்னால் வந்து நின்றால்தான் அந்தக் கட்டம் முடியும். ஒருவர் மட்டும் ஜெயிக்கவே முடியாது. நானும் உன் சித்தியும் சேர்ந்து டிவி பார்ப்போமே தவிர, பேசிக்கொள்வது குறைவு. அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் “நில்லு, நில்லு, இப்போது வா” என்று பேசிக்கொண்டே இருந்தோம்.

சுரேஷ்: 👍

கண்ணன் மாமா: பதிவிறக்கம் செய்ய வேண்டுமா

பாலு சித்தப்பா: வேண்டாம் மாப்பிள்ளை, பிரவுசரிலேயே ஓடும். 2009இல் வந்த கேம், அப்போது ஃபிளாஷ் என்ற துணை மென்பொருளில் ஓடியது. 2020 முடிவோடு ஃபிளாஷையே நிறுத்திவிட்டார்கள். இப்போது ஃபிளாஷ் இல்லாமலே ஓடுகிற மாதிரி மாற்றியிருக்கிறார்கள். அதனால் எந்தத் தளமாவது “ஃபிளாஷ் நிறுவவும்” என்று கேட்டால் அது வேண்டாதது, மூடிவிடுங்கள். இந்த மாதிரி இலவச கேம் பக்கங்களில் பெரிய பச்சைப் பட்டனாக “டவுன்லோட்” என்று ஒன்று மின்னும். பெரும்பாலும் அது விளம்பரம். அண்ணி அதைத் தொட்டுவிடக் கூடாது.

அம்மா: நான் எதையும் தொட மாட்டேன். எனக்கு டைப் அடிக்கவே தெரியாது

பாலு சித்தப்பா: டைப் அடிக்கவே வேண்டாம் அண்ணி. உங்களுக்கு அம்புக்குறி போட்ட பட்டன்கள். இடம், வலம், மேலே. மூன்றே மூன்றுதான். அண்ணனுக்கு இடது பக்கம் ஏ, டி, டபிள்யூ. ஏ இடப்பக்கம், டி வலப்பக்கம், டபிள்யூ குதிக்க. அம்புக்குறி நெருப்புப் பையனுக்கு, அதனால் நீங்கள் நெருப்பு, அண்ணன் தண்ணீர்.

சுரேஷ்: அம்மா நெருப்பு. பொருத்தம்தான் 🔥

அம்மா: நீ ஊருக்கு வா, சொல்கிறேன்

மீனா அத்தை: எல்லாம் சரி, 23ஆம் தேதி வளைகாப்புக்கு எத்தனை பேர் வருகிறீர்கள்? வேன் சொல்ல வேண்டும். சமையல்காரர் கலந்த சாதம் 5 வகை போதுமா என்று கேட்கிறார்

தீபிகா: தேங்காய் சாதம் வேண்டும் அத்தை

கண்ணன் மாமா: புளியோதரை முக்கியம்

வித்யா: நான் வருவேன் அத்தை. அவர் வருவது சந்தேகம்

மீனா அத்தை: போன விசேஷத்துக்கும் மாப்பிள்ளைக்குச் சந்தேகம்தான்

வித்யா: லீவு கிடைக்க வேண்டுமே அத்தை

பாலு சித்தப்பா: வளைகாப்பைப் பிறகு பேசுவோம். வித்யா, முக்கியமானதைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த வீட்டுக் கீபோர்டு பழசு. சாதாரண கீபோர்டில் பட்டன்களுக்கு அடியில் வயர் கட்டம் கட்டமாக ஓடும், ஒவ்வொரு பட்டனுக்கும் தனி வயர் இல்லை. அதனால் மூன்று நான்கு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் சில சமயம் ஒன்றை விட்டுவிடும். அண்ணன் டி, டபிள்யூ இரண்டையும் பிடித்திருக்கும்போது அண்ணி குதித்தால் குதிக்காமல் போகலாம். “நீ ஏன் குதிக்கவில்லை” என்று அங்கே சண்டை வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. உன் சித்தி மேல் தப்பே இல்லை, கீபோர்டுதான் காரணம். இதற்கு வழி, இன்னொரு கீபோர்டை யூஎஸ்பியில் சொருகிவிடுவது. விண்டோஸ் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும், தனியாக எதுவும் செய்ய வேண்டாம். 400, 500 ரூபாய்க்குக் கிடைக்கும். அண்ணன் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் வர முடியாது. இரண்டாவது கீபோர்டை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

வித்யா: மடியில் 😭 இது எனக்குத் தோன்றவே இல்லை சித்தப்பா

சுரேஷ்: நான் ஆன்லைனில் ஆர்டர் போடட்டுமா?

பாலு சித்தப்பா: வேண்டாம்ப்பா. எங்கள் வீட்டில் ஒன்று சும்மா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் போய்க் கொடுத்துவிடுகிறேன்

சுரேஷ்: சூப்பர்டக்ஸ்கார்ட்டும் இருக்கிறது சித்தப்பா. திரையை இரண்டாகப் பிரித்து ஆடலாம், அதுவும் இலவசம்

பாலு சித்தப்பா: நல்ல கேம்தான் சுரேஷ், ஆனால் கார் பந்தயம், தோல்வி உண்டு. அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாரமாகவும் இருக்கும். அண்ணிக்குத் தலை சுற்றும்.

வித்யா: அம்மா வாரப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போடுவாளே. அது மாதிரி எதுவும் இல்லையா?

பாலு சித்தப்பா: வேர்டில் (Wordle) என்று வார்த்தை கண்டுபிடிக்கிற கேம் ஒன்று இருக்கிறது. ஜாஷ் வார்டில் என்பவர் தன் துணைவி பலக் ஷாவுக்காகச் செய்தது. வீட்டில் இரண்டு பேரும் ஆடிக்கொண்டிருந்ததைத்தான் 2021இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார். ஆனால் ஆங்கில வார்த்தை.

அம்மா: ஆங்கிலம் வேண்டாம்

கண்ணன் மாமா: சனிக்கிழமை காலை 9 முதல் 5 வரை நம் ஊரில் மின்தடை. பேப்பரில் போட்டிருக்கிறது

வித்யா: ஐயோ. அன்றைக்கு முழுக்க மணி கேட்டுக்கொண்டிருப்பார்

அம்மா: மாமியாரின் பல்லாங்குழி இருந்தால் சனிக்கிழமை ஓடியிருக்கும்

சுரேஷ்: 👀

மீனா அத்தை: அண்ணி, அது அம்மா என் கையில் கொடுத்தது

அம்மா: நான் ஒன்றும் சொல்லவில்லையே மீனா

மீனா அத்தை: வேண்டுமென்றால் சொல்லுங்கள். பரணில்தான் இருக்கிறது. 14 குழியும் அப்படியே இருக்கிறது, சோழிதான் குறையும்

அம்மா: சோழி வேண்டாம், புளியங்கொட்டை இருக்கிறது

மீனா அத்தை: சனிக்கிழமை காலையில் இவர் அந்தப் பக்கம் வருவார் என்று நினைக்கிறேன். கொடுத்தனுப்பப் பார்க்கிறேன்

கண்ணன் மாமா: நான் வருகிறேன் என்று யார் சொன்னது?

மீனா அத்தை: வருவீர்கள்

வித்யா: அம்மா, இப்போது கம்ப்யூட்டரைப் போடு. நான் வீடியோ காலில் வருகிறேன். கேமைத் திறந்து முழுத் திரை ஆக்கி, அடுத்த முறைக்கு முகப்பிலேயே ஒரு ஐகானும் வைத்துவிடலாம்

அம்மா: இட்லிக்கு ஊற வைத்ததை அரைத்துவிட்டு வருகிறேன்

வித்யா: இரவு 9 மணிக்கு?

அம்மா: சரி

வியாழன், இரவு 10:47

அம்மா: பாலு தம்பி, விழித்திருக்கிறீர்களா

அம்மா: இரண்டு கட்டம் தாண்டிவிட்டோம். மூன்றாவதில் பலகை இறங்க மாட்டேன் என்கிறது. நான் பட்டன் மேல்தான் நிற்கிறேன். நகரக் கூடாது என்று அவர் கத்துகிறார்

சுரேஷ்: அம்மா!!! மணி என்ன தெரியுமா

அம்மா: தெரியாது. அவர் கேட்கவில்லை

தீபிகா: பெரியம்மா, அந்தப் பெட்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பட்டன் மேல் வைக்க முடிகிறதா பாருங்கள். அப்புறம் நீங்கள் நகரலாம்

அம்மா: பெட்டி எங்கே

பாலு சித்தப்பா: குரல் செய்தி 2:14

வித்யா: சித்தப்பா, ரத்தினச் சுருக்கமாகச் சொல்லுங்கள், அப்பா காத்திருக்கிறார்

அம்மா: பெட்டி கிடைத்தது. அவர் மறுபடி நெருப்பில் விழுந்துவிட்டார். முதலிலிருந்து வருகிறோம்

மீனா அத்தை: அண்ணன் கோபித்துக்கொண்டாரா?

அம்மா: இல்லை. சிரிக்கிறார்

மீனா அத்தை: சரி. வேன் யார் சொல்வது என்று நாளைக்காவது யாராவது சொல்லுங்கள்