புது பைலட்டுக்கு ஆரம்பச் சம்பளம் எவ்வளவு?

கேள்வி: தம்பி 200 மணி நேரம் பறந்து சிபிஎல் (வணிக விமானி உரிமம்) வாங்கிவிட்டான். வீட்டை அடமானம் வைத்துப் படிக்க வைத்தோம். முதல் மாதமே லட்சக்கணக்கில் வரும் என்கிறார் அப்பா. வருமா?

பதில் 1: டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி) முடித்தாரா? ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கு அது தனிச் செலவுங்க.

பதில் 2: நான் ஏ320-ல் துணை விமானி. அப்பாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். சிமுலேட்டர், லைன் டிரெய்னிங் (பயணிகள் விமானத்தில் பயிற்சியாளரோடு பறப்பது) முடியும்வரை எனக்கு வெறும் உதவித்தொகைதான். அப்புறம், ஆஃபர் லெட்டரில் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். மாதம் எத்தனை மணி நேரத்துக்குச் சம்பள உத்தரவாதம் என்ற வரியைத் தேடுங்கள். ரோஸ்டர் (பணி அட்டவணை) காலியாகக் கிடக்கும் மாதத்தில் அதுதான் சோறு போடும். பாண்ட் (இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்ற ஒப்பந்தம்) தொகையையும் பாருங்கள். பாதியில் விலகினால் கழுத்தைப் பிடிக்கும்.

கேட்டவர்: சரிங்க. டைப் ரேட்டிங்குக்கு இன்னொரு கடனா! அப்பாவிடம் யார் சொல்வது?