உலர்தொட்டி வேண்டாம், புறத்தொட்டி என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

> டிரை சம்ப் – உலர்தொட்டி; டிப்ஸ்டிக் – அளவுகோல். இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடலாமா?

நம் கார்க் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டிரை சம்ப் என்பது எஞ்சின் எண்ணெயை எஞ்சினுக்கு வெளியே தனித் தொட்டியில் வைக்கும் ஏற்பாடு; டிப்ஸ்டிக் என்பது எண்ணெய் மட்டம் பார்க்கும் கோல். மொழிபெயர்ப்பு சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் காரின் பக்கத்தில் கோலும் கையுமாக நிற்பவருக்கு அது வழிகாட்டவில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கார் என்றால் உயிரை விடும் பையன்கள் நாலைந்து பேர் உண்டு. பலகையில் உலர்தொட்டி என்று எழுதியதும் ஒருவன் கேட்டான்: "அப்ப இந்த எஞ்சின்ல எண்ணெய் இருக்காதா சார்?" நியாயமான கேள்வி. உண்மையில் அந்த வகை எஞ்சினில்தான் எண்ணெய் அதிகம். சாதாரண வீட்டுக் காருக்கு நான்கைந்து லிட்டர் போதும். 1980-களில் வந்த, காற்றால் குளிரும் போர்ஷே 911 பத்து லிட்டருக்கு மேல் குடிக்கும்.

அந்தக் கார் ஒன்று என் பெரியப்பா மகனிடம் இருக்கிறது. வாங்கிய புதிதில் ஒரு ஞாயிறு காலை, இரவெல்லாம் நின்ற வண்டியில் அண்ணன் கோலை உருவிப் பார்த்தார். நுனியில்கூட எண்ணெய் ஒட்டவில்லை. பதறிப்போய் இரண்டு லிட்டர் ஊற்றிவிட்டார். மதியம் வண்டியை எடுத்தால் பின்னால் ஒரே நீலப்புகை. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தோம். அடியில் எண்ணெய் தேங்கி நின்றது, ஃபில்டர் காகிதத்தின் மடிப்புகள் கறுத்து, ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

நடந்தது இதுதான். அந்தக் காரில் எண்ணெய் தங்கும் இடம் எஞ்சினுக்கு அடியில் இல்லை. வலது பின்சக்கரத்துக்கு அருகே தனித் தொட்டி ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது ஒரு பம்ப் அடியில் சேரும் எண்ணெயை இறைத்துத் தொட்டிக்கு அனுப்பும், இன்னொரு பம்ப் தொட்டியிலிருந்து எடுத்துத் தாங்கிகளுக்கு (பேரிங்) ஊட்டும். வண்டி பல மணி நேரம் சும்மா நின்றால் தொட்டி எண்ணெய் மெல்லக் கசிந்து எஞ்சினுக்குள் இறங்கிவிடும். கோல் இருப்பதோ தொட்டியில். அதனால்தான் காலையில் அது காய்ந்திருந்தது. எண்ணெய் குறையவில்லை, இடம் மாறியிருந்தது.

இத்தனை ஏற்பாடு எதற்கு? ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ்ப்பானையை வண்டியின் பின்னால் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வளைவில் திரும்பினால் கூழ் ஒரு பக்கம் ஏறும். பந்தயக் கார் வளைவில் புவியீர்ப்புக்குச் சமமான விசையோடு திரும்பினால் எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சாயும். கியாலாமி பந்தயத் தடத்தில் அப்படி ஒரு வளைவில், அடியில் எண்ணெய் வைத்திருக்கும் எஞ்சினின் உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கக்கூடும், தாங்கிகள் தேய்ந்துவிடும். உயரமான தனித் தொட்டியில் அந்த ஆபத்து குறைவு, நுரையும் அடங்கும்.

ஆகவே என் பரிந்துரை: எண்ணெயை எஞ்சினுக்கு அடியிலேயே வைத்திருக்கும் வெட் சம்ப் அடித்தொட்டி, டிரை சம்ப் புறத்தொட்டி. சென்னை வீடுகளில் தரைக்கடியில் தண்ணீர் தேக்கும் தொட்டியைச் சம்ப் என்கிறார்கள் அல்லவா? தொட்டி என்ற சொல் நமக்கு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. எண்ணெய் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சேர்த்துச் சொன்னால் போதும். உள்ளே இருப்பதை இறைக்கும் பம்புக்கு இறைப்பான். கிணறு இறைத்த நாட்டுச் சொல், அதே வேலை.

அப்புறம் அந்தக் கோல். அளவுகோல் என்றால் பிள்ளைகள் ஸ்கேலை எடுக்கிறார்கள். மட்டக்கோல் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கொத்தனாரும் தச்சரும் அந்தச் சொல்லை முன்பே எடுத்துக்கொண்டார்கள். எழுதுகோல், திறவுகோல், ஊன்றுகோல் வரிசையில் தோய்கோல் என்று வைக்கலாம். தோய்த்து எடுக்கிறோம், பார்க்கிறோம்.

இன்னொன்றையும் வலியுறுத்துகிறேன். கையேட்டில் எண்ணெய் அளவு, எண்ணெய் மட்டம் என்று மாற்றி மாற்றி எழுதக்கூடாது. தோய்கோல் காட்டுவது மட்டம். நீட்டலளவையை வைத்து முகத்தலளவையை ஊகிக்கிறோம், அவ்வளவுதான். வண்டி சாய்ந்தாலும், எஞ்சின் ஆறினாலும் மட்டம் மாறும். உள்ளே இருக்கும் அளவு மாறாது. சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் பள்ளமும். எங்கள் தெருவில் சமதரை கிடையாது. அண்ணன் இப்போது கோயில் வண்டி நிறுத்தத்துக்குப் போய்த்தான் பார்க்கிறார், எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போது. கோலின் இரண்டு குறிக்கும் நடுவே சுமார் ஒன்றரை லிட்டர் வித்தியாசம் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுகிறார்.

அடித்தொட்டி காருக்கு முறை வேறு. இங்கே பெட்ரோல் நிலையத்தில் பணியாளர்தான் பெட்ரோல் போடுவார், ஆயிலும் தண்ணீரும் பார்த்துத் தருவார். எஞ்சினை நிறுத்திய கையோடு அவர் கோலை உருவினால் மட்டம் குறைவாகத் தெரியும். மேலே போன எண்ணெய் இறங்கச் சில நிமிடம் விட வேண்டும். புறத்தொட்டி காரிலும் எல்லாம் ஒரே முறை அல்ல. சிலவற்றில் சூடேற்றி நிறுத்திவிட்டுச் சில நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். தோய்கோலே இல்லாமல் திரையில் மட்டத்தைக் காட்டும் கார்களும் வந்துவிட்டன.

பெயர் தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1972-ஆம் வருட 911 ஒரு சாட்சி. அந்த ஒரு வருட மாடலில் எண்ணெய் ஊற்ற வலப்பக்கக் கதவுக்குப் பின்னால் வெளியிலேயே மூடி வைத்தார்கள். அதைத் திறந்து பெட்ரோலை ஊற்றிய கதைகள் இன்றும் கார்க்காரர்களிடையே உலவுகின்றன.

வகுப்புக்காக ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: "புறத்தொட்டி எஞ்சின் சூடேறி வெற்றோட்டத்தில் இருக்கும்போது, சமதரையில், தோய்கோலைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்து எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவும்." பையன்கள் ஒரே வாசிப்பில் புரிந்துகொண்டார்கள், வெற்றோட்டம் தவிர. நியூட்ரலில் சும்மா ஓடுவதற்கு உங்கள் ஊர்ப் பட்டறைகளில் தமிழில் என்ன சொல்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள், அடுத்த சனிக்கிழமைக்கு முன் கிடைத்தால் நல்லது.